மீன்காட்சியகத்தின் கல்விப் பிரிவு: நிதியுதவி, பட்ஜெட், கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, பிரிவு 8 நிறுவனமாகவோ (லாபநோக்கற்ற கம்பெனி) பதிவு செய்து தமிழ்நாட்டில் மீன்காட்சியகம் நடத்துபவர்களின் கல்விப் பிரிவுக்காக எழுதியது இது. பள்ளிப் பிள்ளைகள் வருகை, தொடுதொட்டி (பிள்ளைகள் கடல் உயிர்களைத் தொட்டுப் பார்க்கும் தொட்டி), ஆசிரியர் பயிற்சி, கடற்கரை நடை ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வரும் பணத்தைக் கேட்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை இதில் இருக்கிறது. எடுத்துக்காட்டில் வரும் விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் கொட்டேஷனைப் போட்டுப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்களையும் படிவ எண்களையும் தவிர்த்திருக்கிறோம். அவற்றை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பள்ளியின் ஒரு நாள் வருகைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். "கம்பெனி 15 லட்சம் தருகிறதாம், அதற்குள் அடக்குவோம்" என்று மேலிருந்து இறங்கினால், கடைசியில் அடக்கப்படுவது ஊழியர் சம்பளமும் தொட்டிப் பராமரிப்பும்தான்.

ஒரு வருகைக்கு 50 மாணவர், 3 ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம்.

பேருந்து வாடகை: 9,000
மதிய உணவு, சிற்றுண்டி (53 பேர் × 70): 3,710
பயிற்சிப் புத்தகம் (50 × 35): 1,750
கல்வியாளர் இருவர்: 3,702
தொடுதொட்டிப் பராமரிப்பில் பங்கு: 2,400
முதலுதவி, துண்டு, கைகழுவும் சோப்பு முதலியன: 500

நேரடிச் செலவு 21,062 ரூபாய். கணக்கர், காவலர், மின்சாரம், நிர்வாகம் ஆகிய பொதுச் செலவில் கல்விப் பிரிவின் பங்கு 12 சதவீதம் என்றால் 2,527. ஆக மொத்தம் 23,589. ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 472 ரூபாய்.

பெரும்பாலான விண்ணப்பங்களில் முதல் மூன்று வரிகள் மட்டுமே இருக்கும்: 14,460 ரூபாய், பிள்ளைக்கு 289. கண்ணுக்குத் தெரிகிற செலவு அவ்வளவுதான். வித்தியாசம் ஒரு வருகைக்கு 9,129. ஆண்டுக்கு 100 வருகை நடத்தினால் 9,12,900 ரூபாய். அந்தத் தொகையை நுழைவுச்சீட்டு வருவாய் சத்தமில்லாமல் சுமக்கும். மழைக்காலத்தில் பார்வையாளர் குறையும்போது முதலில் நிற்பது கல்விப் பிரிவாகத்தான் இருக்கும்.

கல்வியாளர் செலவு 3,702 எப்படி வந்தது?

மாதச் சம்பளம் 22,000, அதில் அடிப்படை ஊதியம் 15,000 என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனத்தின் பங்கு, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து அடிப்படையில் 13 சதவீதம்: 1,950. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம்: 722. ஆக மாதம் 24,672, ஆண்டுக்கு 2,96,064. விடுமுறை, ஞாயிறு, விடுப்பு போக 240 வேலை நாள் என்றால் ஒரு ஆள்நாளுக்கு 1,234. ஒரு வருகைக்கு ஒருவருக்கு ஒன்றரை நாள் போகும். வருகை ஒரு நாள், அதற்கு முன் பள்ளிக்குப் போய் வகுப்பு எடுப்பதும் தயாரிப்பும் அரை நாள். இருவருக்கு மூன்று ஆள்நாள்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். 100 வருகைக்கு 300 ஆள்நாள்தான். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 480 ஆள்நாள் சம்பளம் கொடுக்கிறீர்கள். மீதி 180 நாளை எந்தத் திட்டம் தாங்குகிறது? ஆசிரியர் பயிற்சியா, பாடப்பொருள் தயாரிப்பா, கட்டணம் கட்டி வரும் தனியார் பள்ளிகளா? ஆண்டுத் தொடக்கத்திலேயே அதற்குப் பதில் எழுதி வைத்துவிடுங்கள்.

மாதச் சம்பளம் 21,000-க்கு உட்பட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு 3.25 சதவீதமும் சேரும். இந்த வரிகளை விட்டுவிட்டு "சம்பளம் 22,000 × 12" என்று மட்டும் எழுதியவர்கள், இரண்டாம் காலாண்டிலேயே சம்பளத் தலைப்பில் பற்றாக்குறையைப் பார்க்கிறார்கள்.

தொடுதொட்டிக்கு நிதி கேட்கும்போது எதை மறக்கிறார்கள்?

தொட்டியின் விலையை யாரும் மறப்பதில்லை. தண்ணீரைத்தான் மறக்கிறார்கள்.

2,000 லிட்டர் தொட்டி என்றால், கடல்நீரின் உப்பளவு லிட்டருக்கு 35 கிராம் என்பதால், முதல் நிரப்புதலுக்கே 70 கிலோ செயற்கைக் கடலுப்பு வேண்டும். வாரம் 10 சதவீதம் நீர் மாற்றினால் 200 லிட்டர், 7 கிலோ. ஆண்டுக்கு 364 கிலோ. இரண்டும் சேர்ந்து 434. உப்பில் ஈரம் இருக்கும், சிந்தும், அவசரத்துக்குக் கூடுதலாக நீர் மாற்ற வேண்டியும் வரும். 475 கிலோ என்று எழுதுங்கள். கரையிலிருந்து கடல்நீர் எடுப்பவர்களுக்கு உப்புச் செலவு இல்லை. ஆனால் லாரி வாடகை, மணல் வடிகட்டி, புற ஊதாக் கிருமிநீக்கி ஆகியவை அந்த இடத்தில் வந்து உட்காரும்.

அடுத்தது மின்சாரம். 100 வாட் பம்ப் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், ஆண்டுக்கு 876. நீர் குளிர்விக்கும் சில்லர் 800 வாட் இழுத்து நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 9.6 யூனிட், ஆண்டுக்கு 3,504. கோடை மின்வெட்டில் காற்றடிப்பான் நின்றால் உயிர்கள் சாகும். ஆகவே பேட்டரியில் ஓடும் காற்றடிப்பானும், உதிரி பம்ப் ஒன்றும் பட்ஜெட்டில் கட்டாயம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைக் குப்பிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள்.

காலத்தில் வரும் தவறு இன்னும் பெரியது. தொட்டி வந்து, நீர் நிரப்பி, வடிகட்டியில் நைட்ரஜன் சுழற்சிக்கான பாக்டீரியா நிலைபெறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் உயிர்களை விட்டால் அம்மோனியா ஏறி இறந்துபோகும். நிதி தந்தவர் திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டார் என்பதற்காக இரண்டாம் வாரத்திலேயே நட்சத்திர மீனை விடுவது உயிருக்கும் கேடு, திட்டத்துக்கும் கேடு. ஒப்பந்தத்தின் காலவரிசையில் "நீர் முதிர்வு – 6 வாரம்" என்று தனி வரியாகவே போட்டுவிடுங்கள்.

தொடுதொட்டியில் எந்த உயிர்களை வைப்பது என்பதற்கும் பட்ஜெட்டுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. வெளிநாட்டு மீன்காட்சியகங்களின் மாதிரி விண்ணப்பத்தைப் பார்த்து "கடல் அட்டை – 10 எண்ணம்" என்று கொள்முதல் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். இந்தியாவில் கடல் அட்டை, கடற்குதிரை, பவளம் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. பிடிப்பதோ, வாங்குவதோ, வைத்திருப்பதோ குற்றம். சில பெருஞ்சங்குகளும் பெருஞ்சிப்பிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. உலர்ந்த பவளத் துண்டை மேசையில் பரப்பிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் இதில் அடங்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் செயல்படுபவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

எந்த உயிரை வாங்கினாலும் இனத்தின் அறிவியல் பெயர், எங்கிருந்து வந்தது, விற்றவர் பில் ஆகிய மூன்றும் வவுச்சரோடு இருக்கட்டும். பெயரில் ஐயம் இருந்தால் வாங்குவதற்கு முன் வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். பிசினில் வார்த்த மாதிரி உருவங்களுக்கு ஒரு தொகை ஒதுக்குவது நல்ல வழி. பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கடல் அட்டையின் உடலமைப்பை அதில்தான் பொறுமையாகச் சொல்லித்தர முடியும்.

சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பணம் வாங்க என்னென்ன தகுதி?

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை உங்கள் மூலம் செய்ய, உங்களிடம் வருமான வரி விலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு, இதே போன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவம் ஆகியவை இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற எண்ணும் கட்டாயம். அது இல்லாமல் பேச்சுவார்த்தையே தொடங்காது.

சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, சுற்றுச்சூழல் மற்றும் உயிரினப் பாதுகாப்பும் இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தத் தலைப்பின் கீழ் என்று நீங்களே குறித்துவிடுங்கள். ஒருநாள் விழா, மாரத்தான், விருது வழங்கல் போன்றவை கணக்கில் சேராது. "உலகப் பெருங்கடல் தினக் கொண்டாட்டம்" என்று தலைப்பிட்டுக் கேட்காதீர்கள். ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளித் திட்டத்தில் ஜூன் 8 ஒரு நாளாக இருக்கட்டும்.

எங்கள் மீன்காட்சியகம் லாபநோக்குள்ள தனியார் கம்பெனி. நாங்கள் வாங்கலாமா?

நேரடியாக முடியாது. தகுதியுள்ள அறக்கட்டளை ஒன்று திட்டத்தை நடத்தி, உங்களுக்கு நுழைவுக் கட்டணம் செலுத்தலாம். அந்தக் கட்டணம் மற்றப் பள்ளிகளிடம் வாங்குவதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. அறக்கட்டளையும் கம்பெனியும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் அதை முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம், சட்டம் அப்படி" என்கிறார்கள். உண்மையா?

இது பரவலான தவறான புரிதல். இதனால் அடிபடும் சிறிய அமைப்புகள் ஏராளம். விதியில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செலவிடும் தொகைக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் நேரடிச் செலவு அந்த வரம்பில் வராது என்று வரையறையிலேயே இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கையும் இதைத் தெளிவாக்குகிறது.

அதற்காக "சட்டம் தெரியாதா" என்ற தொனியில் போகவேண்டாம். உங்கள் பட்ஜெட்டில் "நிர்வாகம் – 12%" என்று ஒற்றை வரி போடாமல் பிரித்து எழுதுங்கள்: திட்டக் கணக்கர் (வேலை நேரத்தில் கால் பங்கு), திட்டத் தணிக்கைக் கட்டணம், கல்வி அறையின் மின்சாரம், வருகைப் பதிவு மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் பங்கிட்ட அடிப்படையை ஒரு வரியில் சொல்லுங்கள்: பரப்பளவா, ஆள்நாளா, பில் எண்ணிக்கையா. சதவீதத்தை வெட்டுபவர்கள் இப்படி எழுதிய வரியை வெட்டத் தயங்குவார்கள்.

பணம் தாமதமாக வந்து மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இதுதான் தமிழ்நாட்டில் கல்விப் பிரிவுகளைத் திணறடிக்கும் பிரச்சினை. நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஒப்பந்தம் ஆகஸ்டில் பேசி, நவம்பரில் பணம் வந்தால், பள்ளிகளை நிம்மதியாக அழைத்துவர மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி. அதிலும் பொங்கல் விடுமுறை.

உங்களிடம் பணம் கொடுத்ததோடு கம்பெனியின் கடமை முடிந்துவிடுவதில்லை. நீங்கள் செலவழித்தால்தான் அது சி.எஸ்.ஆர். செலவு. அதனால்தான் பிப்ரவரியில் போன்மேல் போன் வருகிறது.

தீர்வு ஒப்பந்தம் போடும் நாளில் இருக்கிறது. திட்டத்தைத் தொடங்கும்போதே "தொடர் திட்டம்" என்று கம்பெனியின் இயக்குநர் குழு அங்கீகரித்தால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டு வரை ஓடலாம். செலவாகாத தொகையைக் கம்பெனி, ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அதிலிருந்து உங்களுக்குத் தரும். அப்படி அங்கீகரிக்காவிட்டால் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் ஏழாம் அட்டவணையில் சொல்லப்பட்ட அரசு நிதி ஒன்றுக்குப் போய்விடும். உங்களுக்குத் திரும்ப வராது. பிப்ரவரி மாதம் கேட்டால் சுலபமாகக் கிடைக்கிற சலுகை அல்ல இது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே "18 மாதத் தொடர் திட்டம், ஜூன் தொடக்கம்" என்று எழுதுங்கள்.

அவசரத்தில் மார்ச் கடைசி வாரம் ப்ரொஜெக்டரும் டேப்லெட்டும் வாங்கிக் குவிப்பதை மட்டும் செய்யாதீர்கள். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய நிலைச்சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. மறு ஆண்டு யாராவது வந்து "அந்த 20 டேப்லெட் எங்கே?" என்று கேட்கும்போது பெட்டியைப் பிரிக்காமல் காட்ட நேர்வது வருத்தமான காட்சி.

மத்திய அரசு மானியத்தில் என்ன வித்தியாசம்?

அரசு மானியத்துக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். என்.ஜி.ஓ. தர்ப்பண் (தன்னார்வ அமைப்புகளைப் பதியும் அரசு இணையதளம்) எண்ணும், பி.எஃப்.எம்.எஸ். (அரசுப் பணம் போகும் வழியைக் கண்காணிக்கும் இணைய அமைப்பு) பதிவும் முதலில் வேண்டும். பணத்துக்குத் தனிக் கணக்கு. அதில் சேரும் வட்டி உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது. வட்டியில் இரண்டு வருகை கூடுதலாக நடத்திவிட்டோம் என்று நல்லெண்ணத்தில் செய்தாலும் அது முறைகேடாகத்தான் பதிவாகும். மானியத்தில் வாங்கிய சொத்துக்குத் தனிப் பதிவேடு. அனுமதி இல்லாமல் விற்கவோ, வேறு வேலைக்கு மாற்றவோ கூடாது.

நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சொல்கிற யூ.சி., தர வேண்டும். பழைய யூ.சி. நிலுவையில் இருந்தால் அடுத்த தவணை வராது.

யூ.சி. ஏன் திரும்பி வருகிறது?

பெரும்பாலும் நான்கே காரணம். ஆண்டுத் தொடக்க இருப்பு, போன ஆண்டு யூ.சி.யின் முடிவு இருப்போடு ஒத்துப்போகாது. வட்டி வரி காலியாக இருக்கும், பாஸ்புக்கில் வட்டி இருக்கும். தணிக்கை செய்த வரவு-செலவுக் கணக்கிலுள்ள எண்ணும் யூ.சி. எண்ணும் வேறாக இருக்கும். நான்காவதுதான் அதிகம்: முன்பணத்தைச் செலவாகக் காட்டியிருப்பார்கள். அச்சகத்துக்கு 50,000 முன்பணம் கொடுத்தீர்கள், புத்தகம் இன்னும் வரவில்லை என்றால் அது செலவு இல்லை, நிலுவை முன்பணம். சம்மதக் கடிதம் கொடுத்து ஆர்டர் மட்டும் போட்டிருந்தாலும் அது செலவு இல்லை.

யூ.சி.யை ஆண்டு முடிவில் உட்கார்ந்து தயாரிக்காதீர்கள். ஒவ்வொரு காலாண்டும் அதே படிவத்தில் நிரப்பிப் பார்த்தால், தவறு மூன்று மாதத்துக்கு மேல் வயதாகாது.

ஒரு செலவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும்?

பேருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வருகைக்கான வவுச்சரைப் பிரித்தால் உள்ளே இருக்க வேண்டியவை: வாகன எண், தேதி, புறப்பட்ட இடம், கிலோமீட்டர் எல்லாம் உள்ள பில். ஓட்டுநரின் பயணச் சீட்டு, அதில் தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும். வகுப்பு வாரியாக மாணவர் வருகைப் பட்டியல். பள்ளியை வெளியே அழைத்துவரக் கல்வித்துறை கொடுத்த அனுமதிக் கடித நகல். வங்கிப் பரிமாற்ற எண். வவுச்சரின் மூலையில் இரண்டு குறியீடு: எந்த நிதி, எந்த வேலை. எடுத்துக்காட்டாக "நிதி 3 / வருகை 47".

அந்த 47 என்ற எண்தான் எல்லாவற்றையும் கட்டிவைக்கும் கயிறு. உணவு பில், புத்தக வழங்கல் பதிவு, புகைப்படக் கோப்பு எல்லாவற்றிலும் அதே எண் போடுங்கள். உணவு பில்லில் 53 பேர், வருகைப் பட்டியலில் 41 பேர் என்றிருந்தால் தணிக்கையாளர் அங்கேதான் நிற்பார். பிள்ளைகள் குறைந்துபோவது இயல்பு. காலையிலேயே எண்ணிக்கையை உணவுக்காரருக்குச் சொல்லும் ஒரு பழக்கம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

பேருந்தில் இன்னொரு பொறி உண்டு. ஒவ்வொரு பில்லும் 9,000 தானே என்று டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டிய வருமான வரி) பிடிக்காமல் விடுகிறார்கள். ஒரே பேருந்துக்காரருக்கு ஆண்டில் கொடுக்கும் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் பிடித்தாக வேண்டும். உரிமையாளர் தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனியோ கூட்டாண்மையோ என்றால் 2 சதவீதம். 12-ஆவது பயணத்திலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். முதல் பில்லிலிருந்தே பிடிப்பது நல்லது. விட்டுப்போன வரியையும் வட்டியையும் எந்த நிதியாளரும் தர மாட்டார். ரொக்கமும் அப்படித்தான்: ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது அறச்செலவாக ஏற்கப்படாது.

ஒரே வருகைக்கு இரண்டு பேர் பணம் தரலாமா?

தரலாம். ஒரே பில்லை இரண்டு பேரிடமும் காட்டுவதுதான் குற்றம். கம்பெனி பேருந்துக்கும் உணவுக்கும், அரசு மானியம் புத்தகத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் என்று தலைப்பு வாரியாகப் பிரிப்பது சுலபம். ஒரே தலைப்பைப் பகிர்ந்தால் வருகை எண் வாரியாகப் பிரியுங்கள்: 1 முதல் 60 வரை ஒருவர், 61 முதல் 100 வரை மற்றவர். அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்லும்போதும் அதே பிரிப்பு. இருவரிடமும் "5,000 பிள்ளைகள் பயனடைந்தனர்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருவரும் ஒரே மேடையில் உட்காரும் நாள் வரும்.

கணக்கு மென்பொருளில், டேலியாக இருந்தால், ஒவ்வொரு நிதிக்கும் ஒரு காஸ்ட் சென்டர் (செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டும் தலைப்பு) திறந்துவிட்டால் பிரித்தெடுப்பது ஒரு பொத்தான் வேலை. செலவை முதலில் பொதுக் கணக்கில் போட்டுவிட்டு ஆண்டு முடிவில் "இது யாருடையது" என்று தேடுவதுதான் தணிக்கைக் கட்டணத்தை ஏற்றுகிறது.

மாதாந்திரப் பார்வையில் எதைப் பார்க்க வேண்டும்?

செலவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். புத்தகத் தலைப்பில் ஒதுக்கீடு 1,75,000. பில் கட்டியது 62,000. இருப்பு 1,13,000 என்று அட்டவணை காட்டும். ஆனால் போன வாரம் அச்சகத்துக்கு 70,000-க்கு ஆர்டர் போயிருக்கிறது. உண்மையில் கையில் இருப்பது 43,000. ஒதுக்கீடு, கட்டியது, கட்ட ஒப்புக்கொண்டது, மீதி என்று நான்கு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். கல்விப் பிரிவு பொறுப்பாளரும் கணக்கரும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

தலைப்புக்குத் தலைப்பு பணம் மாற்ற வேண்டி வந்தால் செலவு செய்வதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை சதவீதம் வரை அனுமதி இல்லாமல் மாற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். இல்லையென்றால் கையெழுத்திடும் முன் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நிதி வாங்கலாமா?

எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருந்தால் மட்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் புது டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது. கடலோரக் கிராமத்துக் கூட்டாளி அமைப்போடு சேர்ந்து திட்டம் போடுபவர்களுக்கு அந்தக் கடைசி விதிதான் இடிக்கும். செலவுகளை நீங்களே நேரடியாகச் செய்யும்படி திட்டத்தை அமைக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணி வாங்கும் நுழைவுச்சீட்டு இதில் சேராது, அது கட்டணம்.

நிதி தந்தவர் பெயரைப் பலகையில் போட்டால் ஜி.எஸ்.டி. வருமா?

நன்றி சொல்லும் விதமாகப் பெயர் மட்டும் இருந்தால் வராது. அவர்கள் பொருளையோ தொழிலையோ விளம்பரப்படுத்தும் வாசகம் சேர்ந்தால் அது விளம்பரச் சேவை, வரி வரும். மறுபக்கம், நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி. பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. கொட்டேஷனில் வரி சேர்த்த தொகையைத்தான் பட்ஜெட்டில் எழுத வேண்டும்.

பயன் என்ன என்று கேட்கிறார்கள். எதைக் கொடுப்பது?

"விழிப்புணர்வு ஏற்பட்டது" என்பது எந்த அறிக்கையிலும் நிற்காது. வருகைக்கு முன் பள்ளியிலேயே ஐந்து கேள்வி, வந்துபோன மூன்று வாரம் கழித்து அதே ஐந்து கேள்வி. கேள்விகள் நீங்கள் உண்மையில் சொல்லித்தரும் விஷயத்தைத் தொடட்டும்: பவளம் செடியா, உயிரினமா? கடற்குதிரையில் முட்டையைச் சுமப்பது யார்? பத்தில் ஒரு பள்ளியில் செய்தாலும் போதும், முழுமையாகச் செய்யுங்கள். அச்சு, தபால், விடைத்தாள் திருத்தும் ஆள்நாள் ஆகியவற்றுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால்தான் இது நடக்கும். பிள்ளைகளின் புகைப்படத்தை அறிக்கையில் போடப் பெற்றோர் சம்மதம் பள்ளி வழியாக முன்கூட்டியே வாங்குங்கள்.

இரண்டாம் தவணை தாமதமானால் சம்பளத்துக்கு எங்கே போவது?

மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை, மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இருவருக்கும் 1,48,032 ரூபாய், நிதியாளரின் நிபந்தனை எதுவும் இல்லாத சொந்த நிதியில் கல்விப் பிரிவு பெயரில் இருக்கட்டும். ஒரு நிதியாளரின் பணத்தை எடுத்து மற்றவர் திட்டத்துக்குக் "கடன்" கொடுப்பது, திருப்பி வைத்தாலும், ஒப்பந்த மீறல். அறக்கட்டளையின் சொந்தப் பணத்திலிருந்து முன்பணம் தந்து, தவணை வந்ததும் திருப்பி எடுத்துக்கொள்வதாக அறங்காவலர் தீர்மானம் ஒன்று போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை.

நிதி முடிந்த பிறகு தொடுதொட்டி என்னாகும்?

விண்ணப்பத்திலேயே இதற்கு விடை எழுதுங்கள். எடுத்துக்காட்டில் தொட்டிப் பராமரிப்பு ஆண்டுக்கு 2,40,000. கட்டணம் கட்டும் தனியார் பள்ளி மாணவரிடம் பிள்ளைக்கு 60 ரூபாய் தொட்டிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கினால் 4,000 பிள்ளைகள் வேண்டும். வருவார்களா? வருவார்கள் என்றால் தொட்டி நிற்கும். 2,500 பேர்தான் வருவார்கள் என்றால் 1,000 லிட்டர் தொட்டியாகக் கேளுங்கள், பராமரிப்பும் அதற்கேற்பக் குறையும். அதுவும் முடியாவிட்டால், உயிர்களை எந்த ஆராய்ச்சி நிலையமோ வேறு மீன்காட்சியகமோ ஏற்கும் என்று முன்கூட்டியே கடிதம் வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அந்த இடமாற்றத்துக்கு ஆக்சிஜன் பை, வண்டி, உடன்போகும் ஆள் எல்லாம் சேர்த்து ஒரு தொகையைக் கடைசித் தவணையில் ஒதுக்கி வையுங்கள்.